கித்தாக்காட்டு மண் போன வழி

1909-இல் பாங்காக் ஒப்பந்தப்படி கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் மேற்பார்வைக்கு வந்தது. அது ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங், கோல கெட்டில் வட்டாரக் குன்றுகளில் காடு விழுந்து எரிந்து, நிரை பிடித்த கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பால்மரத்தைத் தவிரத் தரையில் வேறு பச்சை எதுவும் தெரியக் கூடாது. லாலாங் புல் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் தோட்டமே போய்விடும் என்ற பயம் துரைமாருக்கு. புல் இல்லாத தரை, ஒழுங்கான நிர்வாகத்தின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. மண்வெட்டியோடு அந்த ஒழுங்கைக் காப்பாற்றியவர்கள் தமிழ் ஆண்களும் பெண்களும். வேலை முடிந்த நிரையைக் கங்காணி பார்ப்பார், கிராணி பார்ப்பார், துரை வருகிற நாளில் துரையும் பார்ப்பார். ஒவ்வொரு மழைக்கும் அந்த நிரையிலிருந்து இறங்கிப் போன மண்ணைக் கணக்குப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை.

இந்தக் கதையை மலாயா ரப்பர் வரலாறு படித்தவர்கள் ஓரளவு அறிவார்கள். அதிகம் பேசப்படாத பகுதி வேறு. சட்டம் எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதான், மழையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் எல்லாக் குன்றும் ஒரே அளவில் மண்ணை இழக்கவில்லை. சில சரிவுகளில் மரவேர்கள் தரைக்கு மேலே விரல்களைப் போல நீட்டிக்கொண்டு நின்றன. இன்னும் செங்குத்தான வேறு சரிவுகள் பெரிய காயமில்லாமல் தப்பின. சரிவின் கோணத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. மண்ணை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

மண்ணியலாளர்கள் மண் துகள்களை அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை மணல், 0.05-லிருந்து 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே மண் நயம். ஈரமண்ணைத் தேய்த்தால் மணல் நறநறக்கும், களி விரலில் ஒட்டி இழுக்கும். வண்டல் கோதுமை மாவைத் தொட்டது போல வழுவழுப்பாக இருக்கும், ஒட்டாது. அந்த ஒட்டாமையில்தான் விவகாரமே இருக்கிறது.

மணல் துகள் கனமானது. நீர் அதைப் புரட்டலாம், வெகுதூரம் கொண்டுபோக முடியாது, வேகம் குறைந்த இடத்தில் கீழே போட்டுவிடும். களித் துகள் மிக இலேசானது, ஆனால் அதன் பரப்பில் மின்னூட்டம் உண்டு. துகளோடு துகள் பற்றிக்கொள்ளும், மட்கையும் இரும்பு ஆக்சைடையும் சேர்த்துக் கட்டியாகும், கட்டியைப் பிரிக்க நீர் பாடுபட வேண்டும். வண்டலுக்கு மணலின் கனமும் இல்லை, களியின் பிடிப்பும் இல்லை. பெரும்பாலும் நுணுங்கிப்போன குவார்ட்ஸும் அப்பிரகமும்தான் அது. நீர் கேட்டவுடன் கிளம்பும், கிளம்பினால் எளிதில் நிற்காது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து பணியாற்றிய வால்ட்டர் விஷ்மையரும் அவருடைய கூட்டாளிகளும் 1971-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். ஒரு மண் எவ்வளவு எளிதில் அரிபடும் என்பதை வண்டல் அளவு, மணல் அளவு, மட்கு, மண்ணின் கட்டமைப்பு, நீர் இறங்கும் வேகம் ஆகிய ஐந்தைக் கொண்டு அதில் கணிக்கலாம். அவர்கள் கண்டதில் முக்கியமானது, 0.05-லிருந்து 0.1 மில்லிமீட்டர் வரையுள்ள மிக நுண்ணிய மணலும் வண்டலைப் போலவே நடந்துகொள்கிறது என்பது. ஆகவே அதையும் வண்டலோடு சேர்த்தே எண்ணினார்கள். உலகெங்கும் மண் அரிப்பைக் கணக்கிடுபவர்கள் இன்றும் அந்த வரைபடத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

இதோடு மழைத்துளியையும் சேர்க்க வேண்டும். 5 மில்லிமீட்டர் பெருந்துளி ஒன்று தரையைத் தொடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. வெறும் தரையில் விழுந்தால் கட்டியை உடைத்துத் துகளைச் சிதறடிக்கும். சிதறிய வண்டல் பக்கத்திலுள்ள நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். நாலைந்து நிமிடக் கனமழையிலேயே மேலே ஒரு மெல்லிய ஓடு படிந்துவிடும், அதன் பிறகு விழும் நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடத் தொடங்கும். மேலே மரக்கவிகை இருக்கிறதே, அது காக்காதா? தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதிர்ந்த கித்தா மரத்தின் இலைகளில் சேர்ந்து சொட்டும் துளி, மழைத்துளியைவிடப் பெரிதாகவே இருக்கும். பத்து மீட்டர் அளவு உயரத்திலிருந்து விழுந்தாலே அது கிட்டத்தட்ட முழு வேகத்தையும் பிடித்துவிடும். தரையில் சருகும் புல்லும் இல்லையென்றால் மரம் மண்ணுக்குக் குடையாகாது. சுத்தமாகப் பெருக்கி வைத்த நிழல், மழைக்குத் திறந்த வெளியைவிட அதிகம் நல்லது செய்யவில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நேரான கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், அரைக் கரண்டி சலவைத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கிச் சமமான இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆகுமுன்னே மணல் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் வண்டல் படிய மணிக்கணக்காகும். களி மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இல் எழுதிய விதி சொல்வது இதைத்தான்: துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். 0.05 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க முக்கால் நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு அதே தூரத்துக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் வேண்டும். ஆய்வுக்கூடங்கள் மண் நயத்தை அளப்பதும் அடிப்படையில் இப்படித்தான்.

போத்தலை இன்னொரு விதமாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். சலவைத்தூள் போடாமல், கூலிம் பக்கத்துச் செம்மண்ணை மட்டும் குலுக்கி வைத்தால் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட விரைவில் தெளிந்துவிடும். அந்த மண்ணில் களி ஏராளம். அந்தக் களி தனித்தனித் துகளாக இல்லை, இரும்பு ஆக்சைடு அதை மணல் பருமனுள்ள கட்டிகளாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத் தாளில் களிமண் என்று எழுதியிருந்தாலும் சரிவில் அது மணலைப் போல நீரை உள்ளே விடுகிறது, களியைப் போல நீருக்குத் தாங்குகிறது. மிதவெப்ப நாட்டு வயல்களில் பிறந்த சூத்திரங்களை நம் நிலத்தில் அப்படியே போட்டால் இந்த இடத்தில்தான் தடுக்கும். மண்ணின் பிறவிக் கலவையும் மண்ணின் அன்றாட நடத்தையும் ஒன்றல்ல. இடையே கட்டி இருக்கிறது, கட்டியை உண்டாக்கும் மட்கும் வேரும் கறையானும் இருக்கின்றன.

கெடாவின் தென்பகுதியில் இரண்டு வகைத் தாய்ப்பாறைகளைத் தோட்டக்காரர்கள் அடிக்கடி சந்தித்தார்கள். ஒன்று கருங்கல் எனப்படும் கிரானைட். கூலிம், பாலிங் பக்கத்து மலைத்தொடர்களிலும் ஜெராய் மலையிலும் அது உண்டு. அதிலிருந்து பிறந்த மண்ணை மலேசிய மண் வரைபடங்கள் ரெங்கம் தொடர் என்று குறிக்கும். பருமணலும் களியும் கலந்த, ஆழமான, கித்தாவுக்கு ஏற்ற மண். மற்றது, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் படிந்து இறுகிய களிப்பாறை. நிலவியலாளர்கள் மஹாங் பாறைத்தொகுதி என்பார்கள். களிப்பாறை மண்களிலும் இரண்டு குணம். பாறையில் இரும்பு மிகுந்திருந்தால் முன்சோங் தொடர் போன்ற நல்ல கட்டியுள்ள மண் கிடைக்கும். இரும்பு குறைந்தால் டுரியான் தொடர் போல வண்டல் மிகுந்து, கீழே இறுகிப்போய், நீர் இறங்காத மஞ்சள் மண் கிடைக்கும். முன்சோங் கிடைத்த துரைக்கு அதிர்ஷ்டம். டுரியான் தொடரில் தோட்டம் போட்டவர் மண்வெட்டியால் சுரண்டச் சுரண்டத் தன் முதலையே ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு முரணைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெப்பமண்டலத்து முதிய மண்ணில் வண்டல் பொதுவாகக் குறைவு. வெயிலும் மழையும் நெடுங்காலம் வேலை செய்து, வண்டல் அளவிலுள்ள கனிமங்களைச் சிதைத்துக் களியாக்கிவிடும். வண்டலுக்கும் களிக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே மண் எவ்வளவு முதிர்ந்தது என்று மதிப்பிடும் வழக்கமும் உண்டு. பெல்ஜிய மண்ணியலாளர் வான் வாம்பேகே 1962-இல் முன்வைத்த முறை அது. விகிதம் 0.15-க்குக் கீழே இருந்தால் முதிய மண். அப்படியானால் வண்டல் எங்கிருந்து வருகிறது? ஒரு விடை களிப்பாறை மண்கள். இன்னொரு விடை, என் கணிப்பில் அதிகக் கவனம் பெற வேண்டியது, ஆழம். கிரானைட் குன்றின் மேலே ஓரிரு மீட்டர் செம்மண் களியாக, கட்டியாக, உறுதியாக இருக்கும். அதற்குக் கீழே பாறையின் கோலம் மாறாமல் உளுத்துப்போன பகுதி கிடக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த அந்தப் பொருளைச் சாலை வெட்டிய இடங்களில் எல்லாரும் பார்த்திருப்போம். அதில் களி குறைவு, ஃபெல்ஸ்பார் சிதைந்த வண்டலும் மணலும் மிகுதி. இரும்புப் பிடிப்பு இல்லை, வேர் இல்லை, மட்கு இல்லை. மேல்மண் அதற்கு மூடி. மூடி இருக்கும்வரை தீங்கில்லை.

பழைய தோட்டத்தின் மண்வெட்டி அந்த மூடியை மேலிருந்து மெல்ல மெல்லச் சுரண்டியது. அதைத் தடுக்க முயன்றவர்களும் இருந்தார்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் அமைக்கப்பட்டது. அங்கே மண் ஆய்வுக்கு வந்தவர் டபிள்யூ. பி. ஹேய்ன்ஸ். இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இயற்பியல்காரர். மண்ணின் நுண்துளைகளில் நீர் சீராக நகராமல் தாவித் தாவி நகர்கிறது என்று அவர் கண்டதற்கு உலக மண்ணியலில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரப்பர் தோட்டக்காரர்களுக்கு அவர் 1934-இல் எழுதிய கையேடு வேறு வகை. தானாக முளைக்கும் கீழ்ச்செடிகளை அழிக்காமல் அடக்கி வைத்துப் பயன்படுத்துவது எப்படி என்று அது சொன்னது.

அந்தக் கையேடு காதில் விழுந்ததற்குப் பொருளாதாரமே காரணம். 1929-க்குப் பின் ரப்பர் விலை படுத்தது. 1930-க்கும் 1932-க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். களை எடுக்க ஆளில்லை, கூலி கொடுக்கக் காசில்லை. புல்லும் செடியும் எழுந்தன. மரங்கள் செத்துப்போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். சின்ன நிலங்களில் மலாய்க்காரரும் சீனரும் அதுவரை களையை அப்படியே விட்டு வைத்திருந்ததைச் சோம்பலென்று துரைமார் எழுதியிருந்தார்கள். அந்த நிலங்களில் மண் தங்கியிருந்தது. இருபது ஆண்டுகள் தமிழர்களின் முதுகு வளைந்து செய்த வேலையில் பெரும்பகுதி, மரத்துக்கு உதவாத, மண்ணுக்குக் கேடான வேலை. இதைக் கசப்பில்லாமல் எழுத முடியவில்லை.

பிறகு தோட்டங்கள் திருந்தின, அல்லது திருந்திய அளவுக்குத் திருந்தின. சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் நிரை பிடித்தார்கள். நிரைகளுக்கு நடுவே ஓடிவரும் மண்ணைப் பிடிக்கக் குழி வெட்டினார்கள். அந்தக் குழியில் நின்றது பெரும்பாலும் மணலும் பருவண்டலும்தான். நுண்வண்டலும் களியும் தேங்கி நிற்கப் பொறுமையில்லாமல் நீரோடு வழிந்துவிடும். மேலே சொன்ன 8 மணி நேரக் கணக்கை நினைத்தால் காரணம் விளங்கும், கெடாவின் மாலை மழை எந்தக் குழிக்கும் 8 மணி நேரம் கொடுப்பதில்லை. ஆகவே மண் கிளம்பிய பிறகு பிடிப்பதைவிடக் கிளம்பாமல் மூடி வைப்பதே பலித்தது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலோப்போகோனியம் என்ற மூடுபயிர்க் கொடிகள் மறுநடவுக் காடுகளில் படர்ந்தன. 1991-இல் இன்னொரு கொடி வந்தது, மூக்குனா பிராக்டியேட்டா. திரிபுராக் காட்டுச் செடி, கேரள ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராகப் பழகியது, கோல்டன் ஹோப் நிறுவனம் மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. செம்பனைக் கன்றின்மேலேயே ஏறிவிடும் அளவுக்கு வேகமாகப் படரும், அதைப் பிரித்துவிடுவதே தனி வேலை. இந்தக் கொடிகள் மண் நயத்தை மாற்றுவதில்லை. வண்டல் வண்டலாகவே இருக்கும். துளி தரையைத் தொடுமுன் அதன் வேகத்தை வாங்கிக்கொள்வதும், மட்கைச் சேர்த்துக் கட்டி பிடிக்க வைப்பதும்தான் அவற்றின் வேலை.

செம்பனை வந்தபின் வெறுந்தரை வேறு வடிவில் திரும்பியது. உதிரிப் பழம் பொறுக்குவதற்காக ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு வட்டம் புல்லில்லாமல் வைக்கப்படுகிறது. அறுவடைப் பாதை மிதிபட்டு இறுகுகிறது. இந்த இரண்டு இடத்திலிருந்துதான் நீர் ஓடத் தொடங்கும். அந்த வட்டங்களைப் பச்சையில்லாமல் வைக்கப் பெண்கள் முதுகில் தோம்பு சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி தெளித்தார்கள். அந்த மருந்துக்கு 2002-இல் மலேசியா தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரியில்தான் முழுதாக மூடியது. வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்குவது எளிய காப்பு. நல்ல தண்டல் இருக்கும் தோட்டத்தில் அது ஒழுங்காக நடக்கும்.

குன்றைவிட்டுப் போன மண் எங்கே போயிற்று? பாலிங்கிலிருந்து வரும் கெட்டில் ஆறு மூடா ஆற்றில் சேர்கிறது. மூடா, கெடாவுக்கும் பினாங்கின் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடிக் கடலில் விழுகிறது. பினாங்கின் கச்சா நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த ஆற்றுத் தண்ணீர். மேலே பெய்த மழையில் நீர் கலங்கினால் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கூடுதலாகப் போட வேண்டும். கட்டியிலிருந்து பிரிந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும் களித் துகள்களை அது சேர்த்து முடிச்சாக்கி அடியில் இறக்கும். ஊர்க்கிணற்றில் தேற்றாங்கொட்டை உரைத்தவர்களுக்கு இந்த வேலை புதிதில்லை. ஆற்றின் கழிமுகத்தில் அதே வேலையைக் கடல் உப்பு செய்கிறது. நன்னீரில் மிதந்து வந்த களி, உவர்நீரைத் தொட்டதும் திரண்டு விழுகிறது. பக்கத்து ஆறான மெர்போக்கின் கழிமுகத்தில் அலையாத்திக் காடு நிற்பதும் அப்படிச் சேர்ந்த சேற்றில்.

சேறு சேர்வது கித்தாவோடு தொடங்கவில்லை. தமிழர்கள் கடாரம் என்று நினைவில் வைத்திருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு, ஜெராய் மலைக்கும் மெர்போக் ஆற்றுக்கும் இடையே கிடக்கிறது. அங்கே சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, செம்பனைத் தோட்டத்துக்குள்ளே இரும்பு உருக்கிய இடங்களோடு படகுத்துறைகளும் வெளிப்பட்டன. இன்று அங்கே கப்பல் வருவதற்கு நீரில்லை. கெடாக் கடற்கரையின் மண்படிவுகளை 1980-களில் ஆராய்ந்த ஜேன் ஆலன், மேட்டுநிலத்தில் காடு திருத்திப் பயிரிட்டதையும் கீழே கரை கடலுக்குள் நீண்டதையும் இணைத்துப் பார்த்தார். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கண்ட கரையும் இன்றைய வரைபடத்தின் கரையும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் மண்வெட்டியும் தீயும் பல நூற்றாண்டுகளில் இறக்கிய மண்ணுக்கும், இயந்திரம் ஓரிரு பருவத்தில் இறக்குவதற்கும் ஒப்பீடே கிடையாது.

இயந்திரத்துக்கு வருவோம். புல்டோசர் சரிவில் படிமேடை வெட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டுவதோடு நிற்பதில்லை, மூடியைத் தூக்கிச் சரிவின் வெளி விளிம்பில் கொட்டி, உள்ளேயிருந்த வெளிறிய வண்டலை வானத்துக்குக் காட்டுகிறது. அந்த வெட்டுமுகத்தில் அடுத்த மழைக்கே கோடு விழும், ஓரிரு மாதத்தில் கோடு ஆள் இறங்கும் பள்ளமாகும். டுரியான் பழத்துக்காகவோ செம்பனைக்காகவோ சுங்கைப்பட்டாணி வீடமைப்புக்காகவோ வெட்டினாலும் மண்ணுக்கு ஒன்றுதான். பழைய தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன, வெட்டிய குன்றின் அடியில் உள்ள கால்வாய்களில் மழைக்குப் பின் கெட்டியாகக் கிடப்பது இந்த மண்.

2022 ஜூலை 4-இல் பாலிங் மாவட்டம் குப்பாங் வட்டாரத்தில் இனாஸ் மலையிலிருந்து வெள்ளமும் மரமும் பாறையும் சேறும் இறங்கி மூவர் இறந்தார்கள். மலையில் நடந்த தோட்ட வேலையைக் காட்டியவர்களும் உண்டு, இயற்கையான நிலச்சரிவு என்றவர்களும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராய் மலையில், காடு மூடிய சரிவுகளிலிருந்தும் அதேபோல் இறங்கியது. ஆகவே இத்தகைய பேரிடர்களை மொத்தமாக வண்டல் தலையிலோ தோட்டத்தின் தலையிலோ கட்டிவிடக் கூடாது. ஆழத்தில் நீர் நிறைந்து சரிவே நழுவுவது ஒன்று, மேற்பரப்பு துகள் துகளாகப் போவது மற்றொன்று. முதலாவது செய்தியாகிறது. இரண்டாவது ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது, படமெடுக்க ஆள் வருவதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. நிலப் பாதுகாப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கிறது. 2020 ஜனவரி முதல் கட்டாயமான மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ், உள்ளூர்ச் சட்டம் அனுமதித்தாலன்றி 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் நடவைத் தடுக்கிறது. கட்டுமான இடங்களில் மண் தேக்கக் குட்டை அமைக்கும் முறையை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கையேடு விவரமாகச் சொல்கிறது, குட்டையின் அளவை மண்ணின் துகள் பருமனை வைத்து முடிவு செய்யவும் சொல்கிறது. தோட்டங்கள் தம் கையில் வைத்திருக்கும் மண் வரைபடமோ பயிரின் வேருக்காக வரைந்தது. மேலே ஒரு மீட்டர், அதிகம் போனால் இன்னும் கொஞ்சம். படிமேடையின் வெட்டுமுகம் அதைத் தாண்டி இறங்குகிறது. வரைபடம் ரெங்கம் என்று சொல்லும் இடத்தில் இயந்திரத்தின் வாளி தொடுவது ரெங்கமே அல்ல. இயந்திரம் இறங்கப்போகும் ஆழம் வரைக்கும் முன்கூட்டியே துளையிட்டு, அரை மீட்டருக்கு ஒரு பிடி எடுத்துப் போத்தல்களில் குலுக்கி வரிசையாக வைத்தால், எந்த ஆழத்தில் வண்டல் பட்டை தடிக்கிறது என்று மறுநாள் காலையில் தெரிந்துவிடும். அந்த ஆழத்துக்கு மேலேயே வெட்டை நிறுத்தலாம், நிறுத்த முடியாத இடத்தில் வெட்டிய அன்றே கொடி விதைக்கலாம்.